பர்மிங்காம் இழந்த விக்டோரியக் கட்டடங்கள்: குண்டு வீழ்த்தியதா, நகரமே இடித்ததா?

பதிவு 1 – சுண்ணாம்புக்காரை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். பர்மிங்காமில் குடியேறிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊரைச் சுற்றிக்காட்ட விருந்தினர் யாரையாவது அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரே கேள்வி வருகிறது: "இத்தனை பழைய தொழில் நகரத்தில் பழைய கட்டடங்கள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கின்றன?" அருகில் நிற்பவர் யாராக இருந்தாலும் "போரில் ஜெர்மானியர் குண்டு போட்டார்கள்" என்று பதில் சொல்லிவிடுவார். நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பெரும்பாலும் பொய் என்பது பிறகுதான் தெரிந்தது.

இழப்புகளை வரிசையாகப் பாருங்கள். நியூ ஸ்ட்ரீட்டில் சார்லஸ் பாரி வடிவமைத்து 1838-இல் முடிந்த கிங் எட்வர்ட்ஸ் பள்ளியை இடித்தது 1936-இல். அப்போது போரே தொடங்கவில்லை. எட்மண்ட் தெருவில் 1880-இல் திறக்கப்பட்ட மேசன் அறிவியல் கல்லூரி போரில் நிலைகுலையாமல் நின்று, 1960-களில் இடிந்தது. அதன் அருகே எட்வர்ட் பாரி (முன்சொன்ன பாரியின் மகன்) வடிவமைத்த மிட்லண்ட் இன்ஸ்டிடியூட் 1965-இல் போனது. அதை ஒட்டி நின்ற 1882-ஆம் ஆண்டு மைய நூலகம் 1974-இல் போனது. இவை அனைத்தையும் இடிக்க முடிவெடுத்தவர்கள் இந்த ஊரின் மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களே.

மேசன் கல்லூரியின் கதை என்னை இன்றும் உறுத்துகிறது. ஜோசையா மேசன் கிட்டர்மின்ஸ்டரில் ஒரு கம்பள நெசவாளரின் மகனாகப் பிறந்து, எஃகு நிப்பு செய்து பெரும் செல்வராகி, அந்தப் பணத்தில் கல்லூரியைக் கட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகம் மையில் தொட்டு எழுதிய நிப்புகளில் பெரும் பகுதி இந்த ஊரில் அடிக்கப்பட்டவை. திறப்பு விழாவில் அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி உரையாற்றினார். 1900-இல் உருவான பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கல்லூரியே விதை. ஒரு பல்கலைக்கழகத்தின் பிறந்த வீடு இன்று ஒரு சுவர்கூட மிச்சமில்லாமல் போயிருக்கிறது.

என் கேள்வி இதுதான். இடித்தவர்களுக்கு இடிக்கும் துணிவு எங்கிருந்து வந்தது?

பதிவு 2 – ஓய்வுபெற்ற பொறியாளர்

நல்ல இழை, ஐயா. முப்பத்தொரு ஆண்டுகள் நெடுஞ்சாலைத் துறையில் (இங்கிலாந்தின் வேறொரு நகரத்தில்) வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த விவாதம் எப்போதும் ஹெர்பர்ட் மான்சோனியை வில்லனாக்கி முடிவதைப் பார்த்திருக்கிறேன். இங்கேயும் அப்படி ஆகும் முன்பு சில சொற்கள் சொல்லிவிடுகிறேன்.

மான்சோனி 1935 முதல் 1963 வரை பர்மிங்காம் நகரப் பொறியாளராக இருந்தார். நகர நடுவைச் சுற்றி ஓடும் உள்வட்டச் சாலை அவருடைய திட்டம். அதற்கான அதிகாரத்தை மாநகராட்சி 1946-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் பெற்றது. பணம் கிடைத்து 1957-இல் வேலை தொடங்கி, 1971-இல் முடிந்தது. திறந்து வைத்த அரசியார், ஒரு பகுதிக்கு மட்டும் வைக்க வேண்டிய 'குவீன்ஸ்வே' என்ற பெயரைச் சாலை முழுவதற்கும் வாய்தவறிச் சூட்டிவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அது கிடக்கட்டும்.

1940-களில் அவர் முன்னால் இருந்தது என்ன? லாங்பிரிட்ஜில் ஆஸ்டின் தொழிற்சாலை கார்களை உற்பத்தி செய்து குவித்துக்கொண்டிருந்த ஊர் இது. நகர நடுவில் எல்லாச் சாலைகளும் ஒரே புள்ளியில் முட்டிக்கொண்டன. அதைவிட முக்கியமாக, நடுவைச் சுற்றி ஆயிரக்கணக்கான 'பேக்-டு-பேக்' வீடுகள். விக்டோரியக் கட்டடங்கள் என்று சொல்லும்போது நமக்குக் கோபுரமும் வளைவும் மட்டுமே கண்ணில் தெரிகின்றன. அந்தக் காலம் முழுவதும் தொழிலாளி வாழ்ந்தது இந்த வீடுகளில்தான். இரண்டு வீடுகள் ஒரே பின்சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும். பின்பக்கம் சன்னலோ கதவோ கிடையாது. தளத்துக்கு ஓர் அறை என்ற கணக்கில் மூன்று தளம். நடுவிலிருந்த முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பிடம், பொதுவான துவைக்கும் கொட்டகை. புதிதாக அப்படிக் கட்டக் கூடாது என்று நகராட்சி 1876-இலேயே தடை விதித்தும், முதல் உலகப் போர்க் காலத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எஞ்சியிருந்தன. நெச்செல்ஸ், நியூட்டவுன், லேடிவுட், லீ பேங்க், ஹைகேட் ஆகிய ஐந்து பகுதிகளில் அவற்றை அகற்றி மனிதர் வாழத்தக்க வீடு கொடுக்கும் திட்டமும் இதே மான்சோனியுடையதுதான். அவற்றின் இழப்புக்காக யாராவது அழப்போகிறீர்களா?

பதிவு 3 – நூலகப்பூனை

பொறியாளர் ஐயா, அழத்தான் செய்தார்கள், கொஞ்சம் தாமதமாக. இன்ஜ் தெருவும் ஹர்ஸ்ட் தெருவும் சந்திக்கும் மூலையில், 15-ஆம் எண் முற்றம் என்ற ஒரே ஒரு தொகுப்பு தப்பியது. பதினொரு வீடுகள், 1802-க்கும் 1831-க்கும் இடையில் கட்டப்பட்டவை. குடியிருக்கத் தகாதவை என்று 1966-இல் முத்திரை குத்தப்பட்ட பிறகும் தரைத்தளத்தில் கடைகள் இருந்ததால் இடிபடாமல் நின்றன. செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து வந்த தையற்காரர் ஒருவர் இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை அங்கே கடை நடத்தினார். பழுதுபார்க்கப்பட்டு 2004-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை வழியாகப் பார்வைக்குத் திறந்தது.

நான் அங்கே போயிருக்கிறேன். மாடிப்படி ஓர் ஆள் தோள்களைக் குறுக்கிக்கொண்டு ஏறும் அளவுக்கே அகலம். திருகித் திருகி ஏறும். மேல் அறையில் நின்று சுவரில் காதை வைத்தால், அடுத்த வீட்டில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் வழிகாட்டியின் குரல் சொல் பிசகாமல் கேட்கிறது. ஒற்றைச் செங்கல் கனம்தான் சுவர். ஓர் அறையில் இரண்டு கட்டில்களுக்கு நடுவே துணி கட்டிப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் பிள்ளைகள், மறுபக்கம் வாடகைக்குப் படுக்கவந்த அன்னியர். எனக்கு மூச்சு முட்டியது. எனவே அந்த வீடுகள் போனதில் ஐயாவுடன் உடன்படுகிறேன். ஆனால் மேசன் கல்லூரியில் யாரும் மூச்சு முட்டி வாழவில்லையே?

பதிவு 4 – வழிப்போக்கன்

ஒரு திருத்தம் சொல்லலாமா? பாரியின் பள்ளி சரிதான், அரசி விக்டோரியா பட்டமேறியது 1837-இல். ஆனால் இந்த ஊரைப் பற்றிப் பேசும் எல்லோரும் 'விக்டோரியப் புதையல்' என்று சேர்த்துக்கொள்ளும் சார்லஸ் எட்ஜின் மார்க்கெட் ஹால் 1835-இல் திறந்தது. டவுன் ஹால் 1834. ஸ்னோ ஹில் ரயில் நிலையத்தின் புகழ்பெற்ற கட்டடம் 1912, அதாவது அரசி இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து. சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துவோம்.

குண்டைப் பற்றியும் ஒன்று. மார்க்கெட் ஹாலை உண்மையிலேயே குண்டுதான் எரித்தது, 1940 ஆகஸ்ட் 25 இரவில். கூரை முழுவதும் போனது.

பதிவு 5 – சுண்ணாம்புக்காரை

வழிப்போக்கன் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் அவர் கொடுத்த எடுத்துக்காட்டே என் பக்கம் பேசுகிறது. கூரை போன பிறகும் மார்க்கெட் ஹாலின் கல்சுவர்கள் நின்றன. வியாபாரிகள் திறந்த வானத்தின் கீழ் அதே சுவர்களுக்குள் கடை விரித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் விற்றார்கள். சுவர்களை இடித்தது 1963-இல். கூரையைப் போர் எடுத்தது, சுவரை அமைதிக்காலம் எடுத்தது.

நியூ ஸ்ட்ரீட் நிலையமும் ஏறத்தாழ அப்படித்தான். 1854-இல் திறந்தபோது அதன் கூரை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 211 அடி அகலத்தைத் தாவி, 840 அடி நீளத்துக்குப் பிறை வடிவில் வளைந்து நின்றது. லண்டனில் கிரிஸ்டல் பேலஸைக் கட்டிய ஃபாக்ஸ் ஹெண்டர்சன் நிறுவனத்தின் எட்வர்ட் கௌப்பர் வடிவமைத்தது. 1868-இல் செயின்ட் பான்கிராஸ் வரும்வரை உலகிலேயே அகலமான ஒற்றைத் தாவு கூரை அதுதான். போரில் சிதைந்து, போருக்குப் பின் கழற்றப்பட்டது. அந்த இழப்பைப் போரின் கணக்கில் எழுதலாம், மறுக்கவில்லை. ஆனால் நிலையத்தின் முகப்பாக நின்ற குவீன்ஸ் ஹோட்டலை 1966-இல் இடித்து, தண்டவாளங்களின் மேல் கான்கிரீட் தட்டை மூடி, பயணிகளை நிலவறைக்குள் இறக்கியது யார் கணக்கு? அந்த நடைமேடைகளில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், நண்பகலிலும் அங்கே மாலை ஆறு மணிதான்.

பதிவு 6 – செங்கற்சூளை

நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவள். இழை தொடங்கியவரின் "துணிவு எங்கிருந்து வந்தது" என்ற கேள்விக்கு ஒரு விடை என்னிடம் இருக்கிறது, அது கரி.

1950-களின் பர்மிங்காமை வண்ணப்படங்களில் பார்த்திருந்தால் தெரியும், கட்டடங்கள் எல்லாம் கறுப்பு. நூறு ஆண்டுப் புகை. தூய காற்றுச் சட்டம் வந்ததே 1956-இல். இன்று நாம் கழுவித் துடைத்த கவுன்சில் ஹவுஸின் முன் நின்று "என்ன அழகு" என்கிறோம். அன்றைய மனிதர் கண்டது, மழை பட்ட இடத்தில் வெளுத்தும் படாத இடத்தில் தார் பூசியதுபோலவும் இருந்த, பாட்டன் காலத்து வறுமையையும் இருமலையும் நினைவூட்டிய ஒரு பெரும் பாறை. அதன் சிற்பம் கண்ணுக்குத் தெரியவே இல்லை. தெரியாததை இடிப்பதற்குத் துணிவு தேவைப்படாது.

விக்டோரியர்களுக்கே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. கார்ப்பரேஷன் தெருவில் உள்ள விக்டோரியா நீதிமன்றத்தைப் பாருங்கள். ஆஸ்டன் வெப், இங்க்ரஸ் பெல் இருவரின் வடிவமைப்பு. அரசியே 1887-இல் அடிக்கல் நாட்டினார், 1891-இல் திறந்தது. முழு முகப்பும் வேல்ஸின் ருவாபன் மண்ணில் சுட்ட சிவப்புச் சுடுமண். உள்ளே பெருமண்டபத்தில் வெளிர் மஞ்சள் சுடுமண்; அது டாம்வொர்த் பக்கத்துச் சூளையில் சுட்டது. ஏன் கல்லை விட்டுச் சுடுமண்ணுக்குப் போனார்கள்? கல் புகையைக் குடிக்கும். நன்றாகச் சுட்ட களிமண்ணின் மேல்தோல் கண்ணாடிபோல் இறுகிவிடுவதால், மழையே அதைக் கழுவிவிடும் என்ற கணக்கு. தொழில் நகரத்துக்கென்றே தேர்ந்த பொருள் அது.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இடித்தால் ஏன் திரும்பாது என்பது அதில்தான் இருக்கிறது. சிற்பி முதலில் மாதிரியைச் செய்வார். அதன்மேல் சாந்து ஊற்றி அச்செடுப்பார்கள். அச்சுக்குள் களிமண்ணைக் கையால் அழுத்தி அழுத்தி அப்புவார்கள், ஓரங்குல இரண்டங்குலக் கனத்துக்கு. நடு வெறுமையாக இருக்கும். உலரும்போதும் சுடும்போதும் மண் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு சுருங்கும். எனவே மாதிரியையே அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். சூளையிலிருந்து வந்த பெட்டியின் முதுகில் கான்கிரீட் நிரப்பி, எண் பார்த்து அதற்குரிய இடத்தில் வைப்பார்கள். கட்டுமிடத்தில் உளி வைக்க முடியாது. வைத்தால் தோல் போய்விடும், தோல் போனால் நீர் இறங்கும். நான் ஒரு வேலையில் (இந்த நீதிமன்றத்தில் அன்று, வேறு கட்டடத்தில்) உடைந்த ஒரு பெட்டியைக் கழற்றியபோது, அதன் உட்சுவரில் நான்கு விரல்கள் பதிந்த பள்ளம் இருந்தது. அச்சுக்குள் மண்ணை அழுத்தியவரின் கை. என் விரல்களை வைத்துப் பார்த்தேன், சின்ன விரல்கள். பெண்ணாகவோ சிறுவனாகவோ இருக்கலாம். மாற்றுப்பெட்டி சுட்டு வருவதற்கு ஏழு மாதம் காத்திருந்தோம்.

பதிவு 7 – ஓய்வுபெற்ற பொறியாளர்

அம்மையார் சொன்ன கரி விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. அதனுடன் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரம்பரியக் கட்டடப் பட்டியல் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முழு வடிவம் பெற்றது என்றாலும், அப்போது பட்டியலில் இருப்பதன் பொருள், இடிக்கும் முன்பு இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே. அனுமதி வாங்கித்தான் இடிக்க வேண்டும் என்ற நிலை 1968-இல்தான் வந்தது. அதோடு, பட்டியலிட்டவர்கள் விக்டோரியாவுக்கு முந்தைய ஜார்ஜிய காலத்தோடு நிறுத்திக்கொள்ளும் மனப்பான்மையில் இருந்தார்கள். விக்டோரிய வேலை என்றால் பகட்டு என்று முகம் சுளித்தார்கள். விக்டோரியக் கட்டடங்களைக் காக்கப் போராடும் விக்டோரியன் சொசைட்டி தொடங்கியதே 1958-இல். அது போராடிய முதல் பெரிய சண்டையில், லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் நுழைவு வளைவு விஷயத்தில், தோற்றது; 1961-62-இல் இடித்துவிட்டார்கள். அந்த லண்டன்–பர்மிங்காம் ரயில் பாதையின் மறுமுனையில், வளைவை வடிவமைத்த அதே ஃபிலிப் ஹார்ட்விக் 1838-இல் கட்டிய கர்சன் ஸ்ட்ரீட் நிலையம் பர்மிங்காமில் இன்றும் நிற்கிறது. லண்டன் இழந்த இணையை நம் ஊர் காத்தது என்று ஒருமுறையாவது சொல்லுங்கள், மனம் குளிரட்டும்.

பதிவு 8 – நூலகப்பூனை

கர்சன் ஸ்ட்ரீட் பயணிகள் நிலையம் என்ற நிலையை 1854-இல் நியூ ஸ்ட்ரீட் திறந்ததுமே ஏறத்தாழ இழந்து சரக்கு நிலையமாகிவிட்டது, ஐயா. யாருக்கும் தேவைப்படாத ஓரத்தில் இருந்ததால் பிழைத்தது. இப்போது அதிவேக ரயிலுக்கான புதிய நிலையத்தை அதன் பக்கத்திலேயே கட்டுகிறார்கள்.

பதிவு 9 – சுண்ணாம்புக்காரை

கரி, சட்டம் இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் நான் தேடிக்கொண்டிருந்த விடை வேறொன்று. இந்த வாரம் பழைய ஆவணங்களைப் படித்தபோது அது கையில் அகப்பட்டது என்று நினைக்கிறேன். குத்தகை.

1873 முதல் 1876 வரை நகரத்தந்தையாக இருந்த ஜோசப் சேம்பர்லின், 1875-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி நகர நடுவில் இருந்த சேரிகளை நகராட்சியே விலைக்கு வாங்கச் செய்தார். 1878-இல் அவற்றை இடித்துக்கொண்டு 66 அடி அகலத்துக்குக் கார்ப்பரேஷன் தெருவை வெட்டினார்கள். பாரிஸின் அகலச் சாலைகளைப் போல ஒன்று இங்கும் வேண்டும் என்பது ஆசை. அந்தச் சட்டத்தின் பெயரில் 'குடியிருப்பு' என்று இருக்கிறதே, வெளியேற்றப்பட்டவர்களுக்கு என்ன கட்டினார்கள் என்று பார்த்தால், அதுவும் 1890-ஐ ஒட்டி நூறு சொச்சம் வீடுகள். எஞ்சிய நிலம் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனது. மண்ணை விற்காமல் 75 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். தவணை முடிந்ததும் மண்ணும் அதன் மேல் நிற்கும் கட்டடமும் நகரத்துக்குத் திரும்பும், அப்போது இந்த நகரமே நாட்டில் செல்வம் மிகுந்ததாக இருக்கும் என்பது சேம்பர்லினின் கணக்கு.

1878-உடன் 75-ஐக் கூட்டிப் பாருங்கள். 1953. மான்சோனி நாற்காலியில் இருக்கிறார், உள்வட்டச் சாலைச் சட்டம் கையில் இருக்கிறது, நகர நடுவின் குத்தகைகள் ஒவ்வொன்றாக முடிந்து வந்து மடியில் விழுகின்றன. வேறு ஊர்களில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் உரிமையாளர் இருந்து மல்லுக்கு நின்றார். இங்கே உரிமையாளரும் மாநகராட்சி, இடிக்க அனுமதி தருவதும் மாநகராட்சி. விக்டோரியர்கள் கட்டும்போதே இடிப்பதற்கான தேதியைப் பத்திரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மான்சோனி அந்த மரபை உடைத்தவர் இல்லை, அதன் வாரிசு. 1838-இல் இந்த ஊர் நகராட்சியானபோது எடுத்துக்கொண்ட குறிச்சொல் 'முன்னே' என்ற ஒற்றைச் சொல். இரு தலைமுறைகளும் அதற்கு உண்மையாகவே நடந்திருக்கின்றன.

பதிவு 10 – வழிப்போக்கன்

குத்தகை வாதம் கார்ப்பரேஷன் தெருவுக்குப் பொருந்துகிறது. மேசன் கல்லூரி, நூலகம், மிட்லண்ட் இன்ஸ்டிடியூட் மூன்றும் அந்தத் திட்டத்துக்குள் இல்லை. அவை நின்றது டவுன் ஹாலுக்கு மேற்கே. விக்டோரியா நீதிமன்றம் கார்ப்பரேஷன் தெருவிலேயே இன்றும் நிற்கிறது, முதல் தரப் பட்டியலில். உங்கள் சாவி பாதிப் பூட்டுகளைத்தான் திறக்கிறது.

சென்னை மூர் மார்க்கெட்டை இதனுடன் ஒப்பிட்டு எழுதலாம் என்று நினைத்தேன், ஆனால் இழை திசைமாறிவிடும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

பதிவு 11 – சுண்ணாம்புக்காரை

நியாயமான அடி. பாதிப் பூட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நூலகத்தைப் பற்றி நூலகப்பூனை எழுதினால் மீதிப் பூட்டுக்கு ஏதாவது கிடைக்கலாம்.

பதிவு 12 – நூலகப்பூனை

இந்த அழைப்புக்காகத்தான் காத்திருந்தேன். சற்று நீளமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பர்மிங்காமில் மைய நூலகம் நான்கு முறை கட்டப்பட்டது. முதலாவது 1865-66-இல் திறந்தது. 1879 ஜனவரி 11 அன்று, கடுங்குளிரில் உறைந்துபோன எரிவாயுக் குழாயை ஒரு பணியாளர் சுடர் காட்டி இளக்கப் பார்த்தார். பக்கத்திலிருந்த மரத்தூள் பற்றிக்கொண்டது. ஆய்வு நூலகத்தின் 50 ஆயிரம் நூல்களில் தப்பியவை ஏறத்தாழ ஆயிரம். மக்கள் பணம் திரட்டிச் சேர்த்திருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பும் வார்விக்ஷயரின் பழைய ஆவணங்களும் சாம்பலாயின.

இரண்டாவது 1882-இல் திறந்தது. ஜான் ஹென்றி சேம்பர்லின் வடிவமைத்தார் (நகரத்தந்தை சேம்பர்லினுக்கு உறவு இல்லை, அவருக்கு வீடு கட்டிக்கொடுத்தவர், அவ்வளவுதான்). மறுபடி திரட்டிய தொகுப்புக்கென்று ஷேக்ஸ்பியர் நினைவு அறையையும் அதில் அமைத்தார். அடுத்த ஆண்டே, ஓர் உரையாற்றி முடித்த சிறிது நேரத்தில் அவர் இறந்துவிட்டார். நூல்கள் பெருகியதால் அந்தக் கட்டடம் விரைவிலேயே போதாமல் போனது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ஷேக்ஸ்பியர் தொகுப்பு தன் அறையைத் தாண்டி வழிந்துவிட்டது. எனவே புதிய நூலகம் வேண்டும் என்ற தேவை பொய்யில்லை.

மூன்றாவது, ஜான் மேடின் வடிவமைத்து 1974-இல் திறந்த கான்கிரீட் நூலகம்: தலைகீழாக வைத்த படிப்பிரமிடு. வெளிச்சுவருக்கு நல்ல கல் பதிக்க வேண்டும் என்று மேடின் விரும்பினார். மாநகராட்சி செலவைக் குறைத்து முன்வார்ப்புக் கான்கிரீட்டோடு நிறுத்திக்கொண்டது. அது கறுத்துப்போனதும் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அன்றைய இளவரசர் சார்லஸ், நூல்களை வைக்கும் இடம்போல இல்லை, எரிக்கும் இடம்போல இருக்கிறது என்ற பொருளில் கேலி செய்தார். பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பாரம்பரியக் கட்டடங்களுக்கான அமைப்பான இங்லிஷ் ஹெரிடேஜ் பரிந்துரைத்தும் அரசு மறுத்தது. 2015-16-இல் இடித்தார்கள். நாற்பத்திரண்டு ஆண்டு ஆயுள். அது விழுங்கிய விக்டோரிய நூலகமோ தொண்ணூற்றிரண்டு ஆண்டு நின்றது.

செங்கற்சூளை சொன்ன கரிக்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. 1974-இல் தொண்ணூறு ஆண்டுப் பழமையைக் காணக் கூசியவர்கள், 2015-இல் நாற்பது ஆண்டுப் பழமையைக் காணக் கூசினார்கள். மீதிப் பூட்டுக்குச் சாவி வேண்டுமென்றால் இதுதான் என்று நினைக்கிறேன்: தாத்தா கட்டியதை ரசிப்போம், அப்பா கட்டியதை இடிப்போம்.

பதிவு 13 – ஓய்வுபெற்ற பொறியாளர்

மேடினுடைய நூலகத்தையும் சேம்பர்லினுடைய நூலகத்தையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சாலை போடுபவன் நானே, கான்கிரீட்டில் எனக்குப் பகை கிடையாது. ஆனால் அதற்குள் நுழைய ஹோட்டல் கடைகளைக் கடந்து, காற்று வீசியடிக்கும் ஒரு சுரங்க வழியில் போக வேண்டியிருந்ததே.

பதிவு 14 – நூலகப்பூனை

அந்தச் சுரங்க வழி மேடின் வரைந்ததில்லை, ஐயா. அவர் திறந்தவெளியாக விட்ட நடுமுற்றத்தைப் பின்னாளில் கூரை போட்டு மூடி உணவுக்கடைகளை வைத்தார்கள். கட்டடத்தை முதலில் கெடுத்து, பிறகு கெட்டிருக்கிறது என்று சொல்லி இடிப்பது இந்த ஊருக்குப் பழக்கமான வேலை.

பதிவு 15 – செங்கற்சூளை

இருவரும் சண்டையிடும் முன்பு, பிழைத்தவற்றையும் எண்ணிவிடலாம். விக்டோரியா சதுக்கத்தில் 1891-ஆம் ஆண்டுத் தலைமைத் தபால் நிலையத்தை 1970-களில் இடிக்கப் பார்த்தார்கள். விக்டோரியன் சொசைட்டியினர் போராடிக் காத்தார்கள். மார்கரெட் தெருவின் கலைப்பள்ளி, ஜே. எச். சேம்பர்லினின் கடைசி வேலை, அவர் இறந்த பின் 1885-இல் முடிந்து இன்றும் கலைப்பள்ளியாகவே இயங்குகிறது. அவருடைய நிறுவனம் கட்டிய செங்கல் பள்ளிகள் ஊர் முழுவதும் உண்டு. அவற்றின் உயர்ந்த கோபுரங்கள் அலங்காரத்துக்கு மட்டும் அல்ல, வகுப்பறைகளின் கெட்ட காற்றை மேலே இழுத்து வெளியேற்றும் புகைபோக்கிகளும் அவையே. ஊசல்ஸ் தெருப் பள்ளி இன்று ஐகான் கலைக்கூடம். இடித்துவிட்டிருந்த கோபுரத்தை மீண்டும் கட்டிச் சேர்த்தார்கள். நகைத்தொழில் பகுதியில் 1863-ஆம் ஆண்டு நிப்புத் தொழிற்சாலை ஒன்று அர்ஜென்ட் சென்டர் என்ற பெயரில் நிற்கிறது. பேனா அருங்காட்சியகம் அதில்தான் இருக்கிறது. தீப்பிடிக்காதிருக்க அதன் தளங்களை உள்ளீடற்ற செங்கல்லில் போட்டிருக்கிறார்கள், இயந்திரத்தின் மிச்ச நீராவியில் குளியலறை நடத்தியிருக்கிறார்கள். அந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பதிவு 16 – வழிப்போக்கன்

இழந்தவற்றில் கையால் தொடக்கூடியதாக ஏதாவது எஞ்சியிருக்கிறதா? அடுத்த மாதம் இரண்டு நாள் வருகிறேன்.

பதிவு 17 – சுண்ணாம்புக்காரை

இருக்கிறது. இடித்த கிங் எட்வர்ட்ஸ் பள்ளியின் மேல்தளத் தாழ்வாரத்தை மட்டும் கல் கல்லாக எடுத்துச் சென்று, எட்ஜ்பாஸ்டனில் புதிய பள்ளி வளாகத்தில் வழிபாட்டுக்கூடமாக நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளி என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

முதலில் புதிய, அதாவது நான்காவது நூலகத்துக்குப் போங்கள். 2013-இல் மலாலா திறந்து வைத்தது. மின்தூக்கியில் ஒன்பதாம் தளத்துக்கு ஏறினால், பொன்னிற வட்ட மகுடத்துக்குள் சேம்பர்லினின் ஷேக்ஸ்பியர் நினைவு அறை இருக்கிறது. நூலகம் இடிந்தபோது பலகை பலகையாகக் கழற்றிக் கிடங்கில் வைத்து, 1986-இல் இசைப்பள்ளி வளாகத்தில் பூட்டி, மறுபடி கழற்றி மூன்றாம் முறையாக அங்கே பூட்டியிருக்கிறார்கள். பூவும் பறவையும் இழைத்த மரவேலையில் கண்ணாடிப் பேழைகள். அவற்றில் தொகுப்பின் நூல்கள் இல்லை. அவை தட்பவெப்பம் கட்டுப்படுத்திய வேறு அறைகளில் இருக்கின்றன. சன்னலுக்கு வெளியே ஊர் முழுவதும் பாரந்தூக்கிகள் தெரியும்.

நேரம் இருந்தால் எர்டிங்டனுக்கும் போங்கள். ஜோசையா மேசன் கட்டிய அனாதை இல்லமும் 1964-இல் இடிந்துவிட்டது. அது இருந்த சாலைக்கு இன்றும் 'ஆர்ஃபனேஜ் ரோடு' என்றே பெயர். அந்தச் சாலை செஸ்டர் ரோட்டைச் சந்திக்கும் ரவுண்டானாவில் மேசனுடைய வெண்கலத் தலைச்சிலை இருக்கிறது. போக்குவரத்து நிற்காத இடம், கடக்கும்போது கவனம்.

பதிவு 18 – ஓய்வுபெற்ற பொறியாளர்

அந்த ரவுண்டானாவையாவது விட்டுவையுங்கள், ஐயா. வழிப்போக்கன் வரும் தேதியைச் சொன்னால் நானும் ரயிலேறி வருகிறேன். முதலில் 15-ஆம் எண் முற்றம், பிறகுதான் உங்கள் கோபுரங்கள்.